கொளுத்தினால் காசா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் காட்டுக்குத் தீ வைத்து, அதனால் புகை குறைந்தது என்று காசும் வாங்குகிறார்களாமே! சம்பா அறுத்த வயலில் நாங்கள் வைக்கோலைக் கொளுத்தினால் மட்டும் குற்றமா?
– ஒரு விவசாயி, மன்னார்குடி

பதில்: தீ வைத்ததற்குக் காசு இல்லை, பின்னால் வரவிருந்த பெரிய தீயைத் தடுத்ததற்குத்தான் காசு. வட ஆஸ்திரேலியாவில் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல மழை. ஆளுயரம் வளரும் புல் மே மாதத்தில் காயத் தொடங்கும். சும்மா விட்டால் ஆகஸ்டுக்குப் பிறகு எங்காவது ஒரு பொறியில் பற்றிக்கொண்டு, வெயிலும் காற்றும் சேர, விழுந்து கிடக்கும் மரக்கட்டை வரை எரித்துவிடும். மே, ஜூனில் வைத்தால் புல்தண்டில் ஈரம் இருக்கும். பல இடங்களில் இரவுப் பனியிலேயே தீ அவிந்துவிடும். முன்பருவத் தீ ஓடிய பரப்பில் சுமார் 70 சதவீதம்தான் எரிகிறது, பின்பருவத்தில் 90 சதவீதத்தை நெருங்கும். அவர்கள் கணக்கில் ஜூலை 31 வரைதான் முன்பருவம். புகைக் கணக்கில், பூமியைச் சூடாக்கும் வாயுக்களான மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் மட்டும் எண்ணுகிறார்கள். புல் எரிந்து வரும் கரியமில வாயுவை அடுத்த மழையில் துளிர்க்கும் புல்லே திரும்ப எடுத்துக்கொள்கிறது.

உங்கள் வயலில் அப்படித் தடுக்க வேண்டிய பெரிய தீ ஏது? நீங்கள் வைக்காவிட்டால் வைக்கோல் எரியப்போவதில்லை. எரித்தால் ஒரு டன்னில் இருக்கும் 5 கிலோவுக்கு மேற்பட்ட தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போகும். சாம்பல்சத்து சாம்பலில் நிற்கும், காற்றடித்தால் அது பக்கத்து வயலுக்கு! அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளித்திருந்தால் பேச்சே வேண்டாம், முளை கருகிவிடும். வைக்கோல் காய்ந்திருந்தால் கட்டும் மெஷினைக் கூப்பிடுங்கள். நனைந்து கெட்டுவிட்டதா? கோடை மழை ஈரத்தில் ரோட்டவேட்டர் ஓட்டி மடக்கிவிடுங்கள். குறுவை நடவுக்கு முந்தின வாரம் சேற்றில் போட்டு மிதிக்க வேண்டாம். வைக்கோலை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, நட்ட பயிர் மஞ்சளடிக்கும். தண்ணீர் நின்ற சேற்றில் மீத்தேனும் கூடும்.

கேள்வி: புல்லை எரித்துவிட்டால் அவர்கள் மாடு எதைத் தின்னும்? இங்கே கொள்ளிடக் கரையில் நாணலைக் கொளுத்தினால் தளிர் வருகிறதே, அதுபோலவா?
– வாசகி, அணைக்கரை

பதில்: தளிர் வரும், தொல்லையும் அதுதான். எரித்த இடம் சிறியதாக இருந்தால் மந்தை முழுக்க அங்கேயே மொய்த்து அடிவரை மேய்ந்துவிடும். பல்லாண்டுப் புல் செத்துப்போகும். அதனால் மாட்டை வேறு அடைப்புக்கு ஓட்டிவிட்டு எரிக்க வேண்டும், புல் தேறும்வரை திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் எரித்தால் அடுத்த மழை வரை தீவனத்துக்குத் திண்டாட்டம். வேலியோரம், பாதையோரம், ஓடைக்கரை என்று பட்டை பட்டையாக எரித்தால் போதும், பின்னால் வரும் தீ அதைத் தாண்டுவது கடினம். எட்டாத இடங்களில் ஹெலிகாப்டரிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் உருண்டைகளில் கிளைக்கால் (glycol) என்ற திரவத்தை ஏற்றிப் போடுகிறார்கள். தரையில் விழுந்தபின் பற்றிக்கொள்ளும்.

இரண்டு சிக்கல்கள். மாட்டுக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோன காம்பா புல் 4 மீட்டர் வரை வளர்ந்து, உள்ளூர்ப் புல்லைவிடப் பலமடங்கு உக்கிரமாக எரிகிறது. மற்றொன்று, முன்பருவ இளந்தீ புதர்க்கன்றுகளைக் கொல்லாது. புதர் மண்டி மேய்ச்சல் சுருங்கிய நிலத்தில் பண்ணைக்காரருக்குத் தேவை பின்பருவச் சூட்டுத் தீ. அதை வைத்தால், புகையைக் குறைத்ததற்காகக் கிடைக்கும் கார்பன் காசு குறையும்.