கன்வென்ஷனில் கை தூக்கினேன், இப்போது கணக்கு எழுதுகிறேன்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 29 வயது. பதினெட்டு வயதில், சபைகள் பல நாள் நடத்தும் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி ராத்திரியில், முழுநேர ஊழியத்துக்கென்று, அதாவது தேவனுடைய பணிக்கே வாழ்க்கையைக் கொடுக்கிறேன் என்று கை தூக்கி, முன்னால் போய் முழங்காலில் நின்றேன். இன்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இல்லை. அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அம்மாவை உள்ளே விட்டுவிட்டு நாலு மணி நேரம் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து இதையேதான் யோசிப்பேன். 'பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதியாதே', அதாவது தேவனுக்கு நேர்ந்துகொண்டதைத் தள்ளிப்போடாதே, என்ற வசனத்தைக் கேட்டாலே பயம். வருஷப் பிறப்புக்குச் சபையில் கொடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டையில் எனக்கு இந்த வருஷம் எரேமியா 29:11 வந்தது. தேவசித்தத்தைத் தவறவிட்டுவிட்டேனா? என் வாழ்க்கைக்கு என்னதான் நோக்கம்?
– பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: தங்கச்சி, அந்த வராண்டா பெஞ்சு எனக்குப் பழக்கமானதுதான். என் வீட்டுக்காரர் கடைசி இரண்டு வருஷம் டயாலிசிஸில் இருந்தார். அவருக்குத் தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுத்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் அடுப்படியில் நின்று நான் குடிப்பேன். அதனால் உனக்கு வேதபாடம் நடத்த மனசு வரவில்லை. ஆனாலும் உன் பயம் ஒரு வசனத்திலிருந்து வந்திருக்கிறது. வசனத்தை வைத்தே பேசுவோம்.

நீ பயப்படுகிற அந்த வசனத்தை, பிரசங்கி 5:4-ஐ, தள்ளிவிடு என்று நான் சொல்லமாட்டேன். மாற்கு 7-ம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் படி என்றுதான் சொல்வேன். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்யவேண்டிய உதவியைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்கென்று கொடுத்தாயிற்று, என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு அங்கே விட்டாரா? தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். காணிக்கையைச் சாக்காக வைத்துத் தாயை விட்டவர்களை அப்படிக் கடிந்துகொண்டவர், தாயை விடாமல் இருக்கிற உன்னைப் பொருத்தனை மீறினவள் என்பாரா? எனக்குத் தோன்றவில்லை.

(விளக்கைக் குறைத்து, கீபோர்டை மெதுவாக வாசிக்கவிட்டு, 'இன்னும் ஒருத்தர், இன்னும் ஒருத்தர்' என்று பிள்ளைகளைக் கூப்பிடும் வழக்கத்தில் எனக்கு நெடுநாளாகவே வருத்தம் உண்டு. கை தூக்கினவர்களின் பெயரை எழுதிக்கொண்டு போகிறவர்கள், அடுத்த வருஷம் வந்து 'எப்படியம்மா இருக்கிறாய்' என்று கேட்பது அபூர்வம்.) அதற்காக அன்றைய உன் கண்ணீரைப் பொய் என்று நினைத்துவிடாதே. 'என்னை எடுத்துக்கொள்ளும்' என்றது நீ. எந்த வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது மேடையில் இருந்தவர்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருக்கும் உனக்கு. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பிரசவம் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் என்பதால் அவரை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. பிரசங்கங்களில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி அதற்கு முன்னால் இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த அவருக்கு மிஷனரியாக வர இஷ்டமே கிடையாது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்துக்கொள்ள வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்பதுதான் எண்ணம். அம்மாவுக்காக வந்து தங்கிய அந்த வீட்டின் கதவைத்தான் அந்த மூன்று பேரும் தட்டினார்கள்.

அந்த ராத்திரிதான் அவரை டாக்டராக முடிவெடுக்க வைத்தது. பின்னால் நடந்ததும் மெதுவாகத்தான் நடந்தது. அவர் மருத்துவம் படித்து முடித்தது 1899-ல். வேலூரில் மருத்துவமனை வந்தது 1902-ல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல். அப்போது அவருக்கு 47 வயது. தரிசனம் கிடைத்த மறுநாள் காலையிலேயே கட்டடம் எழும்பிவிட்டது போல நாம்தான் கதை சொல்லிப் பழகிவிட்டோம். உன் வீட்டுக் கதவும் இப்படித் தட்டப்படும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. தட்டப்படாமலே போகலாம். அப்போதும் அம்மாவுக்குச் செய்தது வீண் ஆகாது.

அப்புறம், அந்த அட்டை. 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை' என்று தொடங்கி, தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை! எப்போது ஊர் திரும்புவோம் என்று மூட்டையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, கடிதத்தின் முதல் கட்டளை ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது: 'நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.' ஏழாம் வசனம், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறது.

உன் பட்டணம் உன் மேஜைதான். நகைக்கடனுக்கு வந்து, படிவத்தில் எங்கே கைநாட்டு வைப்பது என்று தெரியாமல் நிற்கிற பாட்டிக்கு எழுந்து வந்து காட்டிக்கொடுக்கிறாயா, 'அடுத்த ஆள்' என்கிறாயா? சங்கத்துக் கணக்கை ஒரு ரூபாய் மாறாமல் எழுதுகிறாயா? உன்னைப் பற்றிய தேவசித்தத்தை நான் தேடினால் முதலில் அங்கேதான் தேடுவேன். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் விழுந்த இடத்தைப் படிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடு. வேதத்தில் கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு, அதில் பனி விழுகிறதா என்று தேவனிடம் அடையாளம் கேட்டான் என்று சிலர் உதாரணம் காட்டுவார்கள். தேவன் ஏற்கனவே தெளிவாகச் சொன்னதை நம்ப முடியாமல்தான் அவன் அதைப் போட்டான்.

சரி, இப்போது செய்யக்கூடியது என்ன? உங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போய்ப் பொருத்தனை விஷயத்தை மறைக்காமல் சொல்லி, சேர்ந்து ஜெபித்துவிட்டு வா. பதினோரு வருஷமாகத் தனியாகச் சுமந்தது போதும். ஊழிய ஆசை இன்னும் மிச்சம் இருக்கிறதா, பயம் மட்டும்தான் மிச்சமா என்று பார்க்க, ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பை எடுத்துக்கொள். சின்ன வகுப்பாக இருக்கட்டும். ஆறு மாதம் கழித்தும் சனிக்கிழமை ராத்திரி பாடம் தயாரிக்க உட்காரும்போது சந்தோஷமாக இருந்தால் எனக்கு எழுது, மேலே யோசிக்கலாம்.

சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்குமே, வாரத்தில் ஒரு நாள் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போக யாராவது முறைபோட்டு வருவார்களா என்று வாய்விட்டுக் கேள். நான் கேட்க வெட்கப்பட்டேன், இன்றுவரை முதுகுவலியோடு இருக்கிறேன். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரிடமும் பேச்சுக் கொடு. அங்கே எனக்குக் கிடைத்த ஒரு சிநேகிதி, வேறு மதத்துக்காரி, இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறாள்.

அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். வெயில் காலத்தில் தாகம் தாங்காது. டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துச் சின்னச் சின்ன ஐஸ் கட்டியாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாயில் போடு.