டொலேடோ: ஏறுவதற்கு எந்திரம், இறங்குவதற்குக் கால்

கேள்வி: காக்கா (அண்ணன்) ஸ்பெயின் நாட்டு மாட்ரிட்டில் வேலை பார்க்கிறார். ஜூன் மாதம் வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு அங்கே போகிறோம். பக்கத்தில் டொலேடோ என்று பழைய ஊர் ஒன்று இருக்கிறது, அவசியம் பார்க்க வேண்டும் என்கிறார். ஆனால் அது மேட்டு மேலே இருக்கும் ஊராம். வாப்பாவுக்கு முழங்கால் வலி. போகலாமா? வாடகைக் கார் எடுக்கணுமா?
வாசகி, கீழக்கரை

தாராளமாக அழைத்துப் போங்கள். கார் மட்டும் வேண்டாம். மூன்று பக்கம் ஆறு சுற்றி ஓட, நடுவில் நிற்கும் பாறை மேல் கட்டிய ஊர் அது. சந்துகள் அத்தனை குறுகல், எதிரே ஒரு வேன் வந்தால் நாம் வாசல்படியில் ஏறி நின்றுதான் வழி விட வேண்டும்.

மாட்ரிட்டின் அதோச்சா நிலையத்தில் அவாந்த் என்ற வேக ரயில் ஏறினால் சுமார் 35 நிமிடத்தில் டொலேடோ. திரும்பி வருவதற்கும் சேர்த்து முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள், சனி ஞாயிறுகளில் இடம் தீர்ந்துவிடும். பைகளை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள், அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். டொலேடோவில் இறங்கியதும் அவசரப்பட்டு வெளியே ஓடாதீர்கள். 1919-ல் திறந்த அந்த ரயில் நிலையமே பார்க்க வேண்டிய கட்டடம், செங்கலும் வண்ண ஓடும் மர வேலையுமாக.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். நிலையம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஊர் அந்தப் பக்கம் உயரத்தில். அல்காந்தரா பாலம் வழியாக நடந்தால் இருபது நிமிடத்துக்கு மேல், அதில் பாதி ஏற்றம். வாப்பாவை அப்படி நடக்க வைக்காதீர்கள். நகரப் பேருந்தோ டாக்சியோ பிடித்து நேராக சொகோதொவேர் சதுக்கத்தில் இறங்கிவிடுங்கள். அதுதான் ஊரின் நடு முற்றம், ஒரு காலத்தில் கால்நடைச் சந்தை நடந்த இடம். கீழே கோட்டை மதில் பக்கம் இருக்க நேர்ந்தால் ரெக்காரேதோ என்ற இடத்தில் மேலே ஏற நகரும் படிக்கட்டு இருக்கிறது, 2000-ல் போட்டது. காசு கிடையாது, இரவில் மட்டும் நிறுத்திவிடுவார்கள். இப்படி ஏறுவதை எல்லாம் எந்திரத்திடம் விட்டுவிட்டு, இறங்குகிற பக்கமாக மட்டும் நடக்கிற மாதிரி நாளை அமைத்துக்கொண்டால் முழங்கால் வலிக்காரரும் பாதிக்கு மேல் பார்த்துவிடலாம். இறக்கமும் முழங்காலை உறுத்தும் என்பதால் கைத்தடி ஒன்று கொண்டு போங்கள். கல் பாவிய தெரு, ரப்பர் அடிப் பாதணி கட்டாயம்.

உங்களுக்காகவே ஓர் இடம் சொல்கிறேன். சூரிய வாசல் என்ற பழைய கோட்டை வாயிலுக்குப் பக்கத்தில் கிறிஸ்தோ தெ லா லூஸ் என்று சின்னஞ்சிறு செங்கல் கட்டடம். 999-ல் பள்ளிவாசலாகக் கட்டியது, அந்தத் தகவலை முகப்பில் செங்கல்லாலேயே அரபியில் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒன்பது கூரை மாடங்கள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. 1085-ல் ஊர் கிறிஸ்தவ அரசர் அல்ஃபோன்சோ கைக்கு வந்த பிறகு தேவாலயம் ஆகிவிட்டது. இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம், தொழுகை கிடையாது. யூதக் குடியிருப்புப் பக்கம் சாந்தா மரியா லா பிளாங்காவுக்கும் போங்கள். யூதர்களின் பழைய தொழுகைக்கூடம், கட்டிய முறையோ முழுக்க இஸ்லாமிய முறை, லாட வடிவ வெள்ளை வளைவுகள் வரிசை வரிசையாக. கோயில் தூண்களைப் போன்ற கல்தூண்களோடு நிற்கும் உங்கள் ஊர்ப் பழைய ஜும்மா பள்ளியில் தொழுது வளர்ந்த வாப்பாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்காது. அவரை அங்கே கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.

கேள்வி: காலையில் போய் மாலையில் மாட்ரிட் திரும்பிவிடலாம் என்கிறார்கள். ஒரு நாள் போதாதா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், ராமேசுவரம்

போதாது ஐயா. ஓர் இரவு தங்குங்கள். உங்கள் ஊரில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிய ஈரம் காய்வதற்குள் ராத்திரி ரயிலைப் பிடிக்கிறவர் ராமேசுவரத்தைப் பார்த்ததாகச் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? டொலேடோவும் அப்படித்தான். பதினொரு மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டும், சாயங்காலம் அள்ளிக்கொண்டு போய்விடும். ஜூனில் அங்கே ஒன்பதரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அந்த நேரம் முழுக்க ஊர் உங்களுக்குத்தான்.

வந்த அன்று 1226-ல் கட்டத் தொடங்கிய பெரிய தேவாலயம். மறுநாள் காலை கதவு திறந்ததும் சாந்தோ தொமே தேவாலயம், அங்கே எல் கிரேக்கோ 1586 முதல் 1588 வரை தீட்டிய ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ என்ற ஓவியம் இருக்கிறது. கிரேக்க மண்ணிலிருந்து வந்த ஓவியர் இந்த ஊரிலேயே தங்கி 1614-ல் இங்கேயே இறந்தார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சுற்றுலாப் பட்டை ஒன்று விற்கிறார்கள். சாந்தோ தொமே, லா பிளாங்கா, மேலே சொன்ன பள்ளிவாசல் உட்பட 7 இடங்களுக்கு அது போதும், பெரிய தேவாலயத்துக்கு மட்டும் தனி டிக்கெட். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், எல் த்ரான்சித்தோ என்ற யூதத் தொழுகைக்கூட அருங்காட்சியகம் அன்று விடுமுறை.

மாலையில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வாயே காட்சி முனைக்கு டாக்சியில் போங்கள். முழு ஊரையும் ஒரே பார்வையில் அங்கிருந்துதான் பார்க்க முடியும்.

கேள்வி: போனில் மேப் இருக்கும்போது கைடு எதற்கு?
கல்லூரி மாணவர், தொண்டி

கைடு கட்டாயமில்லை தம்பி. ஆனால் மேப்பை முழுக்க நம்பாதே. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே நீ நிற்கிற சந்து ஒன்றாகவும் போன் காட்டுகிற சந்து வேறாகவும் இருக்கும். 300 மீட்டர் என்று அது சொல்வது செங்குத்துப் படிக்கட்டாக இருந்தாலும் இருக்கும். தேவாலயக் கோபுரத்தை அடையாளம் வைத்துக்கொள். வழி தவறினால் மேடாக இருக்கிற பக்கம் ஏறு, கடைசியில் நடுப்பகுதிக்கு வந்து சேர்வாய். தவறுவதும் நல்லதுதான், பாதி நல்ல முற்றங்கள் அப்படித்தான் கண்ணில் படும்.

கேள்வி: வெயில் எப்படி, சாப்பாடு எப்படி?
வாசகர், மண்டபம்

ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். நம் கரையில் போல வேர்த்துக் கொட்டாது, வறண்ட வெயில், தாகம் தெரியாமலே உடம்பு காய்ந்துவிடும். தண்ணீர் கையிலேயே இருக்கட்டும். மதியம் பல கடைகள் மூடிவிடுவார்கள், அப்போது நீங்களும் அறையில் படுங்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குப் பிறகு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்குச் சோறு தேடுகிற நம் ஆட்கள் கையில் பழமும் ரொட்டியும் வைத்திருப்பது நல்லது.

பன்றி இறைச்சி வேண்டாதவர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். கார்கமூசாஸ் என்ற உள்ளூர்க் குழம்பு பன்றிதான். காய்கறி வதக்கலான பிஸ்தோ, உருளைக்கிழங்கு முட்டை அடை, மாஞ்செகோ என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸ், இவை பெரும்பாலும் எங்கும் கிடைக்கும். பிஸ்தோவின் மேல் சில கடைகளில் முட்டை வைப்பார்கள், சைவர்கள் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இனிப்புக்கு, பாதாமும் சர்க்கரையும் அரைத்துப் பிடிக்கும் மசபான். கன்னியர் மடங்களிலும் செய்து விற்கிறார்கள். ஊருக்கு வாங்கி வருவதானால் அதையே வாங்குங்கள், பயணம் தாங்கும்.