டிஎன்ஏ போடாத குழாயிலும் பட்டை வருகிறதே, பிரைமரை மாற்றவா?

பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைப்பை மாற்ற வேண்டாம். மாதிரி டிஎன்ஏ சேர்க்காத பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) குழாயிலும், ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் அதே 500 பிபி (டிஎன்ஏ நீளத்தின் அளவு) பட்டை வருகிறது என்றால், நீங்கள் ஊற்றும் ஏதோ ஒன்றில் டிஎன்ஏ கலந்திருக்கிறது. ஹைடெல்பர்க் ஆய்வகத்தில் இன்னும் ஐந்து வாரம்தான் என்கிறீர்கள். புதுப் பிரைமருக்காகக் காத்திருந்து அதையும் இழக்காதீர்கள்.

முதல் சந்தேகம் தண்ணீர் மேல். எல்லாரும் பிப்பெட் விடும் பொதுப் பாட்டிலா? என் கோடைக்கால ஆய்வில் இரண்டு வாரம் போனது அப்படி ஒரு பாட்டிலால்தான். அதன் மூடியில் மூன்று பேர் கையெழுத்தில் மூன்று தேதிகள்.

1. பிரிக்காத புதுத் தண்ணீரை, ஃபில்டர் டிப் (வடிகட்டி வைத்த பிப்பெட் முனை) போட்டு, சின்னக் குழாய்களில் பிரித்து வையுங்கள். ஜெல் ஓட்டும் மேசையில் வேண்டாம். பெருக்கிய டிஎன்ஏ அங்கேதான் சிந்தியிருக்கும்.
2. டிஎன்ஏ இல்லாமல் ஒரு ரன். பட்டை போகவில்லையா? அடுத்து பிரைமரைப் புதிதாகக் கரையுங்கள், அப்புறம் பஃபர். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஆனால் பட்டை 100 பிபிக்குக் கீழே மங்கலாக இருந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

ஜெல் படத்தை இன்றே வழிகாட்டியிடம் காட்டுங்கள். வந்த புதிதில் தயக்கமாகத்தான் இருக்கும், சரி. ஆனால் அதே பாட்டிலிலிருந்து மற்றவர்களும் எடுக்கிறார்கள்.