குடல் வெளியே இருக்கிறது என்றார்கள், நகையை விற்கட்டுமா?

கேள்வி: தேவகோட்டையில் பலகாரம் சுட்டு விற்கிறேன். ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகளுக்கு ஸ்கேன் எடுத்ததில், குழந்தையின் குடல் வயிற்றுக்கு வெளியே இருப்பதாகச் சொன்னார்கள். பிறந்ததும் அறுவை சிகிச்சையாம். மருமகனுக்குக் கோயம்புத்தூரில் கம்பெனி வேலை. என்னிடம் வைப்புத்தொகை 3 லட்சமும் 12 பவுனும் உள்ளன. புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கவா, நகையை விற்கவா?

பதில்: ஆச்சி, இரண்டும் வேண்டாம். ஸ்கேனில் தெரிந்துவிட்ட குறைக்குப் புதுப் பாலிசி பணம் தராது. மறைத்து எடுத்தால் கட்டிய பிரீமியமும் வீண்.

மருமகனின் கம்பெனியில் குழுக் காப்பீடு இருந்தால், பிறந்த முதல் நாளிலிருந்தே குழந்தை அதில் சேருமா என்று கேட்கச் சொல்லுங்கள். பல பாலிசிகள் 'வெளிப்புறப் பிறவிக் குறைபாடு' என்று ஒரு விலக்கு வைத்திருக்கின்றன. குடல் வெளியே இருப்பதைக் காட்டி மறுக்க அதில் இடம் உண்டு. ஆகவே பதிலை இப்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

ஆனால் பணத்தைவிட முக்கியம், பிரசவம் எங்கே என்பதுதான். தொப்புளுக்குப் பக்கத்துத் துளை வழியாகக் குடல் உறையின்றி வெளியே வந்திருந்தால் அது காஸ்ட்ரோஸ்கைசிஸ். தொப்புள்கொடியின் அடியில் மெல்லிய உறைக்குள் இருந்தால் ஓம்பலோசீல். இதில் இதயக் குறையும் சேர்ந்திருக்கலாம், செலவு கூடும். எதுவென்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சில குழந்தைகளுக்குக் குடலை ஒரே தடவையில் உள்ளே வைக்க முடியாது. ஒளி ஊடுருவும் பையில் குடலை இட்டு, மேலே தொங்கவிட்டு, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்குவார்கள். பால் குடிக்கும்வரை நரம்பு வழியாகத்தான் ஊட்டம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருக்க நேரிடும். தனியாரில் பணம் கரைவது அங்கேதான்.

மூடாத குடலிலிருந்து சூடும் நீரும் விரைவில் போய்விடும். ஊரில் பெற்றுவிட்டு ஆம்புலன்ஸில் மதுரைக்கு ஓடுவது குழந்தைக்குத்தான் ஆபத்து. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது; இப்போதே போய்ப் பதிவு செய்யுங்கள். 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். மகள் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதல்வர் காப்பீட்டு அட்டையும் கிடைக்கும். வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் கொண்டு ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தை அணுகலாம்.

உங்கள் 3 லட்சத்தை உடைக்காதீர்கள். அதன்மேல் வங்கியில் கடன் வாங்கினால், வைப்பு வட்டியைவிடச் சற்றே கூடுதல் வட்டிதான். போதாவிட்டால் மட்டும் வங்கியில் நகைக்கடன். மதுரையில் நீங்கள் தங்கும் நாட்களுக்கும், அடுப்பு அணைந்திருக்கும் அந்த வாரங்களுக்கும் 40,000 ரூபாயைக் கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.