கேட்பதற்கும் காசா?

கேள்வி: "ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்" என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஒரு பாட்காஸ்ட் (இணைய ஒலித்தொடர்) செயலியில் சேர்ந்தேன். பிடிக்கவில்லை, மறுநாளே செயலியை நீக்கிவிட்டேன். ஆனாலும் மூன்று மாதங்களாக மாதம் 399 ரூபாய் போகிறது. பச்சைத் தேயிலை விற்ற பணம், ஐயா.
(சிறு விவசாயி, கோத்தகிரி)

பதில்: தவறு உங்களுடையது அன்று. செயலியை நீக்கினாலும் சந்தா நிற்காது என்பதை அவர்கள் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். பணம் செலுத்திய யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, தானாகப் பணம் எடுக்க அவர்களுக்குக் கொடுத்த அனுமதியை இன்றே ரத்து செய்யுங்கள். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படி ஏதும் வந்ததா என்று குறுஞ்செய்திகளில் தேடிப் பாருங்கள். எளிதாகச் சேர்த்துக்கொண்டு, விலக வழி தெரியாமல் ஒளித்து வைப்பதை மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் 'சந்தாப் பொறி' என்று பெயரிட்டே தடை செய்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.

இந்தச் சந்தா வியாபாரத்தின் மேல் எனக்கு நெடுநாள் ஆத்திரம் உண்டு. பாட்காஸ்டில் பெரும்பாலானவை, எவரும் எந்தச் செயலியிலும் இலவசமாகக் கேட்கும்படி ஆர்எஸ்எஸ் (RSS) என்னும் பொது இணைய வழியில் வெளியிடப்படுபவை. நடத்துபவருக்கு விளம்பரத்திலிருந்து வருமானம் வருகிறது. அவற்றையே ஓரிடத்தில் திரட்டி வைத்து, "உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை" என்று விலை போடுகிறார்கள். நான் ஆண்டுச் சந்தா கட்டிக் கேட்டுவந்த தொடர்கள் அத்தனையும் வெளியே இலவசமாகக் கிடைத்தவைதாம்.

கேள்வி: அதிகாலை நடையின்போது கேட்க, வெளிச்சத்தத்தை அடைக்கும் இயர்பட்ஸ் எது நல்லது? (கூடலூர்)

பதில்: யானை நடமாடும் ஊரில் அதற்குப் பணம் கொடுப்பானேன்? ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.

கேள்வி: குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் தினமும் பேருந்தில் போகிறேன். பர்லியார் அருகே சிக்னல் போய், பாட்காஸ்ட் நின்றுவிடுகிறது. கூடுதல் டேட்டா திட்டம் உதவுமா?

பதில்: உதவாது. இரவே வீட்டு வைஃபையில் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். விநாடிக்கு 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 29 எம்பிதான்.

கேள்வி: ரேடியோவே எனக்குப் போதும். பாட்காஸ்டால் உண்மையில் பயன் உண்டா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, அரவங்காடு)

பதில்: உண்டு, அம்மா. பால் பொங்கினால் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம், ரேடியோ காத்திருக்காது. வரலாறும் நேர்காணலும் காதுக்குப் பொருந்தும். வருமான வரி, மருந்தின் அளவு போன்று எண் நிறைந்தவற்றை அச்சில் படிப்பதே நல்லது. இருவர் ஒருவரையொருவர் பாராட்டிச் சிரித்தே முதல் பத்து நிமிடத்தைத் தீர்க்கும் நிகழ்ச்சிகள் எனக்கு ஒத்துவருவதில்லை. உங்களுக்கு அவை பிடிக்கலாம். ரேடியோவை விட்டுவிட வேண்டியதில்லை.

கேள்வி: உதகையில் சீசன் கடையில் 1,200 ரூபாய்க்கு ஹெட்போன் வாங்கினேன். பெட்டியில் நிறுவனப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பத்தே நாளில் ஒரு பக்கம் கேட்கவில்லை. பில் வாங்கவில்லை.

பதில்: எழுத்து மாறியதைப் பார்த்த பிறகும் வாங்கினீர்கள், பில்லும் கேட்கவில்லை. நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது?