ரவுட்டரில் எந்த வயர்லெஸ் மோடு? – கேள்வி பதில்

கேள்வி: செட்டிங்கில் பி, ஜி, என், மிக்ஸ்டு என்று வரிசையாக நிற்கிறது. எதை வைப்பது?

பதில்: எல்லாம் 802.11 என்ற வைஃபை தரத்தின் தலைமுறைகள். மிக்ஸ்டு என்றால் பல தலைமுறைகளைச் சேர்த்து அனுமதிப்பது. ‘பி’ 1999-இல் வந்தது, உச்ச வேகம் 11 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்). ‘ஜி’ 2003-இல் வந்தது, 54 எம்பிபிஎஸ். ‘என்’ 2009. அப்புறம் ஏசி, ஏஎக்ஸ். இந்த எழுத்துக் குழப்பம் போதும் என்றுதான் என், ஏசி, ஏஎக்ஸுக்கு வைஃபை 4, 5, 6 என்று பிறகு எண் வைத்தார்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய கருவி எது என்று பாருங்கள், அதுதான் முடிவு செய்யும். ரவுட்டர் பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஜி/என் மிக்ஸ்டு, ரவுட்டரில் ஏஎக்ஸ் இருந்தால் அதையும் சேர்த்து. 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பதிலேயே புதியதுவரை மிக்ஸ்டு. பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும்.

கேள்வி: மிக்ஸ்டு வைத்தால் எல்லாக் கருவியும் பழைய வேகத்துக்கு இறங்கிவிடுமாமே?

பதில்: பாதிதான் உண்மை. புதிய போன் தன் வேகத்திலேயே பேசும். ஆனால் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு பாதையில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அதே அளவு டேட்டாவை அனுப்ப பழைய கருவி பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும், மற்றவை காத்திருக்கும். ‘பி’ கருவி இன்னும் மோசம். அதற்கு ஜி, என் சிக்னல் புரியாது. அது குறுக்கே பேசிவிடாமல் இருக்க, மற்ற கருவிகள் ஒவ்வொரு முறையும் அதற்குப் புரியும் மெதுவான வேகத்தில் ஓர் அறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ‘பி’ கருவியே இல்லாத வீட்டிலும், அந்த மோடு திறந்திருந்தால் ரவுட்டர் தன் இருப்பைச் சொல்லும் சிக்னலைப் பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் நொடிக்குப் பத்து முறை அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் ‘பி’யை யோசிக்காமல் தூக்கிவிடலாம்.

கேள்வி: ‘என் மட்டும்’ என்று மாற்றினேன். பிரிண்டர் காணாமல் போய்விட்டது!

பதில்: அதற்கு ‘ஜி’ வரைதான் தெரிந்திருக்கும். ஜி/என் வையுங்கள், திரும்பி வரும்.

கேள்வி: ‘என்’ மோடுதான் வைத்திருக்கிறேன். லேப்டாப் 54 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டவில்லை.

பதில்: மோடைத் தொடாதீர்கள், பாதுகாப்பு செட்டிங்கைப் பாருங்கள். டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்ற பழைய பாதுகாப்பு முறை இருந்தால் ‘என்’ வேகம் கிடைக்காது, தரமே அதை அனுமதிப்பதில்லை. அவற்றைவிடப் புதிய முறையான டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்கச் சேனலை மாற்றி மாற்றிப் பார்த்தவன் நான்.

கேள்வி: 2.4-இல் சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் வைக்கலாமா?

பதில்: பக்கத்து வீடுகளில் வைஃபை இருந்தால் வேண்டாம். அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். 40 வைத்தால் கிட்டத்தட்ட இரண்டை நீங்களே பிடித்துக்கொள்கிறீர்கள். 20 போதும். அகலம் வேண்டுமென்றால் 5 கிகாஹெர்ட்ஸில் 80 வையுங்கள்.

கேள்வி: ஏஎக்ஸ் போட்டதும் பழைய லேப்டாப்புக்கு வைஃபை பெயரே தெரியவில்லை.

பதில்: லேப்டாப்பின் வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்களில் பழையவை சிலவற்றுக்கு ஏஎக்ஸ் சிக்னலைப் பார்த்தால் குழம்பிவிடும். முதலில் டிரைவரை அப்டேட் செய்யுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் 2.4-இல் மட்டும் ஏஎக்ஸை அணைத்து, அந்த லேப்டாப்பை அதில் விடுங்கள். பாதுகாப்பை, டபிள்யூபிஏ2-க்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் பழைய கருவிகள் சேராது, டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த மிக்ஸ்டு வையுங்கள்.

கேள்வி: மோடு மாற்றினால் பாஸ்வேர்டு திரும்பப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். சில நொடி துண்டித்துத் தானே சேரும். மாற்றும்போது மட்டும் கேபிளில் இணைந்திருங்கள். உங்கள் கருவிக்குத் தெரியாத மோடு வைத்துவிட்டால் வைஃபை வழியாக ரவுட்டருக்குள் திரும்ப நுழைய முடியாது.