நோன்பு என்ற சொல்

அன்புள்ள ஐயா,

என் தாய் வெள்ளிக்கிழமைகளில் இருந்ததை 'விரதம்' என்பார். என் தோழி ரமலானில் 'நோன்பு' பிடிக்கிறாள். அகராதியைத் திறந்தால் நோன்பு, விரதம், உபவாசம், தவம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருளாகத் தரப்பட்டிருக்கின்றன. இவை உண்மையிலேயே ஒரே பொருள் கொண்டவையா? இன்னொன்றும் கேட்க வேண்டும். நீரிழிவு வந்த பிறகு, வேளை தவறாமல் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி எனக்கு நோன்பு என்று ஒன்று கிடையாது என்கிறார்கள் உறவினர்கள். அந்தச் சொல்லுக்கும் எனக்கும் இனித் தொடர்பே இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அகராதி சொல்வதில் பிழை இல்லை. பேச்சில் இந்தச் சொற்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து அமர்ந்துகொள்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் பார்க்கும் திசை வேறு. விரதம் உறுதியைப் பார்க்கிறது: இன்னதைச் செய்வேன், இன்னதைச் செய்யமாட்டேன் என்று ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. உபவாசம் என்ற வடசொல்லின் நேர்ப்பொருள் அருகில் வசித்தல். உணவைப் பற்றிய பேச்சே அதன் உறுப்புகளில் இல்லை. தவம், வெப்பத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த தபஸ் என்பதன் தமிழ் வடிவம். பட்டினியை நாம் பெரும்பாலும் 'கிடக்கிறோம்', விரதத்தையும் உபவாசத்தையும் 'இருக்கிறோம்'. அந்த ஒரு வினையிலேயே விருப்பத்துக்கும் கதியின்மைக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடுகிறது.

நோன்பு பார்ப்பது பொறுத்தலை. நோன்றல், நோற்றல் என்றால் தாங்குதல். நோன்மை என்றால் வலிமை. திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் முருகனின் திருவடியை 'உறுநர்த் தாங்கிய மதனுடை நோன்றாள்' என்கிறார் நக்கீரர். தன்னை வந்தடைந்தவர்களைத் தாங்கும் வலிய தாள் அது. உணவை விடுவது பின்னால் வந்து சேர்ந்த பொருள் என்றே நான் படிக்கிறேன். சொல்லின் முதுகெலும்பு தாங்கும் வலிமைதான்.

வள்ளுவர் தவம் என்ற அதிகாரத்தைத் தொடங்கும்போதே இதை வைத்துவிடுகிறார்: 'உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை அற்றே தவத்திற் குரு.' வந்த துன்பத்தைத் தாங்குவதும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையும், இவ்வளவுதான் தவத்தின் வடிவம். அந்த அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் உண்ணாமை பற்றிப் பேச்சே இல்லை. இன்னொரு குறளில், 'சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும் துன்பம் சுடச்சுட நோற்கிற் பவர்க்கு' என்கிறார். தவம் என்ற சொல்லுக்குள் இருக்கும் வெப்பமும் நோன்புக்குள் இருக்கும் பொறுமையும் ஒரே அடியில் சந்திக்கின்றன. இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். சுடுவது துன்பம், நோற்பது மனிதர். இரண்டு சொற்களும் ஒன்றாகிவிடாமலே ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரான விடை பொறையுடைமை அதிகாரத்தில் இருக்கிறது: 'உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும் இன்னாச்சொல் நோற்பாரின் பின்.' உண்ணாமல் நோற்பவர் பெரியவர்தான். ஆனால் பிறர் சொல்லும் கடுஞ்சொல்லைப் பொறுப்பவருக்கு அடுத்தபடிதான். இரண்டு செயலுக்கும் நோற்றல் என்ற ஒரே வினையை இட்டு, வரிசையில் உண்ணாமையைப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்.

உங்கள் தோழியிடம் கேட்டுப் பாருங்கள். குர்ஆனில் இயேசுவின் தாயான மர்யமுக்கு, 'இறைவனுக்கு நோன்பு நேர்ந்திருக்கிறேன், இன்று எந்த மனிதரோடும் பேசமாட்டேன்' என்று சொல்லும்படி கட்டளை வரும் இடம் உண்டு. அங்கே நோன்பு பேச்சுக்கானது. நோயாளிகளும் பயணத்தில் இருப்பவர்களும் வேறு நாட்களில் நோற்கலாம் என்றும், இயலாதவர் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்றும் அதே நூல் வழி விடுகிறது. தமிழ் முஸ்லிம்கள் இந்தப் பழஞ்சொல்லை எடுத்துக்கொண்டதோடு, நோன்பு பிடித்தல், நோன்பு திறத்தல் என்று அழகான வினைகளையும் அதற்குத் தந்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்களிடம் சொல் இரண்டாகப் பிரிந்தது. பழைய சீர்திருத்த சபை விவிலியத்தில் 'உபவாசம்' என்று இருக்கும் இடத்தில் கத்தோலிக்கரும் பயன்படுத்தும் திருவிவிலியம் 'நோன்பு' என்கிறது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாட்களோ 'தவக்காலம்'. அரசியலும் இதை விட்டுவைக்கவில்லை. தமிழ்நாடு என்ற பெயருக்காக 1956-இல் உயிர்விட்ட சங்கரலிங்கனாரின் போராட்டத்தை உண்ணாவிரதம் என்றும் உண்ணாநோன்பு என்றும் எழுதுகிறோம்.

இந்தச் சொல்லைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு மனம் வரவில்லை. 'கைம்மை நோன்பு' என்ற தொடரும் நம்முடையதுதான். கணவனை இழந்த பெண் நெய் தொடாமல், பிழிந்த சோற்றுப் பிண்டத்தையும் வெந்த வேளைக்கீரையையும் உண்டு, பாயில்லாமல் பரற்கல்லில் படுத்த வாழ்க்கையைப் புறநானூறு 246-ஆம் பாட்டில் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு சொல்கிறாள். அந்த வாழ்க்கையை ஏற்க மறுத்து அவள் தீயைத் தேர்ந்தெடுத்தாள். ஒருவர் தலையில் பிறர் சுமத்தும் துன்பத்துக்கு நோன்பு என்று பெயர் சூட்டியது இந்தச் சொல்லுக்கு இழைத்த கொடுமை. வள்ளுவரின் இலக்கணப்படியே, பிற உயிருக்குத் துன்பம் செய்யாமை என்ற பாதி அங்கே செத்துவிட்டது.

ஆகவே, உறவினர்கள் என்ன சொன்னாலும் மருத்துவர் சொன்னபடி வேளைக்குச் சாப்பிடுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். உடலைச் சிதைத்துக்கொள்வதை இந்தச் சொல் உங்களிடம் கேட்கவில்லை. தாயின் நினைவாக வெள்ளிக்கிழமையை விடாமல் வைத்துக்கொள்ள விரும்பினால், அன்று யாருடைய கடுஞ்சொல்லுக்கும் பதில் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பசித்த ஒருவருக்கு உணவு தரலாம். அதை விரதம் என்று சொன்னால் உங்கள் உறுதியைச் சொல்கிறீர்கள். நோன்பு என்று சொன்னால் நீங்கள் தாங்குவதைச் சொல்கிறீர்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் தமிழ் உங்களைத் திருத்தாது.

அன்புடன்.